நடு ராக்கைத் திருப்பிய செவ்வாய்க்கிழமை

பாக்கியலக்ஷ்மிக்குத் தன்மேல் நம்பிக்கை கொஞ்சம் அதிகம். அப்படிச் சொல்கிறவர்கள் மட்டாஞ்சேரியில் நிறைய பேர் இருந்தார்கள், முதல் ஆள் அவள் அப்பா காளி. கொச்சி கார்ப்பரேஷனில் முப்பது வருஷம் வேலை பார்த்தவர். மேலதிகாரி சொன்னால் தலையாட்டுவதுதான் உத்தியோகத்துக்கு லட்சணம் என்று நம்பினவர். மகளோ தலையாட்டுவதற்கு முன் ‘ஏன்’ என்று கேட்பாள். பாலிடெக்னிக்கில் எலெக்ட்ரானிக்ஸ் படித்து முதல் வகுப்பில் தேறி, இருபத்தாறு வயதில் ஒரு டேட்டா சென்டருக்குப் பொறுப்பாளராக உட்கார்ந்த பெண் வேறு எப்படி இருப்பாள்?

டேட்டா சென்டர் என்றதும் பெரிய கண்ணாடிக் கட்டடத்தை நினைத்துக்கொள்ள வேண்டாம். இது 2004. பஜார் ரோட்டில் வரிசையாக நிற்கும் மிளகுக் கிடங்குகளில் ஒன்றை வாஞ்சிநாதன் என்பவர் வாங்கி, வெள்ளையடித்து, ஏசி போட்டு, உள்ளே சர்வர்களைக் கொண்டு வைத்திருந்தார். பூர்வீகம் பாலக்காடு, படித்தது வணிகம், பேசுவது எல்லாம் எதிர்காலம். வல்லார்பாடத்தில் பெரிய கன்டெய்னர் துறைமுகம் வரப்போகிறது, வந்தால் கப்பல் கம்பெனிகள் எல்லாம் தன் வாசலில் வந்து நிற்கும் என்பது அவர் கணக்கு. எத்தனை தரம் அடித்தும் சுவரிலிருந்து மிளகு நெடி போகவில்லை. பார்க்க வருகிறவர்கள் முதலில் ஒரு தும்மல் போட்டுவிட்டுத்தான் பேச ஆரம்பிப்பார்கள். தெருக்காரர்கள் அதற்குத் தணுப்புக் கிடங்கு, அதாவது குளிர்க் கிடங்கு, என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

சர்வர் என்பதும் ஒரு கம்ப்யூட்டர்தான். திரை, கீபோர்டு எதுவும் கிடையாது. சாப்பாட்டுத் தட்டு மாதிரி தட்டையாகச் செய்து, ஆள் உயரத்துக்கும் மேலான ஓர் இரும்புச் சட்டத்தில் ஒன்றின்மேல் ஒன்றாகச் செருகித் திருகிவிடுவார்கள். அந்தச் சட்டத்துக்குப் பெயர் ராக். ஒவ்வொரு சர்வரும் முன்பக்கம் குளிர்ந்த காற்றை இழுக்கும், பின்பக்கம் சூடாக வெளியே தள்ளும். இந்த ஒரு விஷயத்தை ஞாபகம் வைத்துக்கொண்டால் போதும், மீதிக் கதை தானாகப் புரியும்.

கிடங்கில் ஆறு ராக்குகள். கிழக்கு வாசலை ஒட்டி மூன்று, அதற்குப் பின்னால் மூன்று. கிழக்குச் சுவரில் ஓர் ஏசி, மேற்குச் சுவரில் ஓர் ஏசி. ராக்குகளை நிறுத்துகிற அன்று வாஞ்சிநாதன் ஒரே பிடிவாதமாக நின்றார்.

“ஆறும் கிழக்குப் பாத்துத்தான் நிக்கணும். எங்க குடும்பத்துல கல்லாப்பெட்டியே மேற்குப் பாத்து வச்சதில்ல. வர்றவங்களுக்கும் வாசல்ல நின்னா எல்லா லைட்டும் தெரியணும்.”

ராக்கோடு வந்த கையேட்டில் வரிசைகளை எப்படி நிறுத்த வேண்டும் என்று ஒரு படம் இருந்தது. பாக்கியலக்ஷ்மி அதைப் பார்த்திருந்தாள். ஆனால் அது இருநூறு முந்நூறு ராக் வைக்கிற பெரிய இடங்களுக்கு, ஆறே ஆறு ராக்குக்கு இதெல்லாம் எதற்கு என்று பக்கத்தைப் புரட்டிவிட்டாள். “கிழக்கோ மேற்கோ, கரண்டுக்குத் திசை தெரியாது சார்” என்று சிரித்துக்கொண்டே சொல்லி ஆறையும் கிழக்குப் பார்த்து நிறுத்தினாள். எப்போதும் ‘ஏன்’ கேட்கிறவள் அன்றைக்குப் பார்த்துக் கேட்கவில்லை.

பதினெட்டு நாள் ஒன்றும் ஆகவில்லை. பின்வரிசையில் அதுவரை பெரிதாக மெஷினே இல்லை, எப்படி ஆகும்? முதல் பெரிய வாடிக்கையாளர் வெலிங்டன் தீவிலிருந்த ஒரு கப்பல் ஏஜென்சி. பதினெட்டாம் நாள் சாயங்காலம் அவர்கள் பன்னிரண்டு சர்வர்களைப் பின்வரிசையின் நடு ராக்கில் ஏற்றினார்கள். முப்பது நாள் சோதனை ஓட்டம். ஒரு நிமிஷம் நின்றாலும் ஒப்பந்தம் ரத்து, மெஷின்கள் பெங்களூருக்குப் போய்விடும். அவர்கள் போனால் கிடங்கையே மூட வேண்டியதுதான்.

பத்தொன்பதாம் நாள், செவ்வாய்க்கிழமை காலை, பாக்கியலக்ஷ்மி கதவைத் திறந்ததும் உள்ளே விசிறிகள் போட்ட சத்தத்தில் ஒரு நிமிஷம் அப்படியே நின்றுவிட்டாள். நடு ராக்கில் பன்னிரண்டு சர்வர்களிலும் ஆரஞ்சு விளக்கு. மானிட்டரில் பார்த்தாள். முன்பக்கக் காற்றே முப்பத்தெட்டு டிகிரி. நாற்பத்திரண்டைத் தொட்டால் மெஷின் தன்னைத்தானே அணைத்துக்கொள்ளும். வாசலோரம் மாட்டியிருந்த தெர்மாமீட்டரோ ஒரு கவலையும் இல்லாமல் இருபத்துமூன்று காட்டிக்கொண்டிருந்தது.

அவள் இரண்டு வரிசைக்கும் நடுவில் போய் நின்றாள். இரண்டு ஏசி ஓடுகிற அறையில் அவளுக்கு வியர்த்துக் கொட்டியது. இத்தனை நாளும் வாசல் பக்கம் நின்றே எல்லாம் பார்த்துவிட்டுப் போயிருக்கிறோம் என்று அப்போதுதான் உறைத்தது. பேக்கிங்கில் வந்த மெல்லிய பிளாஸ்டிக் தாளைக் கீற்றுக் கீற்றாகக் கிழித்து முன்வரிசையின் முதுகில் ஒட்டினாள். கீற்றுகள் எல்லாம் பின்வரிசையின் முகத்தைப் பார்த்துப் படபடத்தன. முன்வரிசை விட்ட அனலைத்தான் பின்வரிசை மூச்சாக இழுத்துக்கொண்டிருந்தது. மேற்குச் சுவர் ஏசி பாவம், பின்வரிசையின் முதுகுக்குக் குளிர்ந்த காற்று வீசிக்கொண்டிருந்தது.

“மடச்சி” என்று அவள் தன்னைத்தானே வாய்விட்டுத் திட்டிக்கொண்டாள்.

வாஞ்சிநாதன் எறணாகுளத்தில் இருந்தார். போன் போட்டு நடந்ததைச் சொன்னாள். பின்வரிசையை மேற்குப் பார்த்துத் திருப்பிவிட்டால் தீர்ந்தது, நடுவில் சேருகிற சூடு மேலே இருக்கிற பழைய எக்ஸாஸ்ட் ஃபேன் வழியாகப் போய்விடும் என்றும் சொன்னாள்.

“திருப்பறதாவது! வெள்ளிக்கிழமை மூணாவது ஏசி வருது. அதுவரைக்கும் ஒரு ஃபேன் வச்சு ஓட்டு.”

“வெள்ளிக்கிழமை வரைக்கும் தாங்காது சார். சாயங்காலம் தாங்கினாலே பெரிசு. ஏஜென்சில ஷபானா மேடத்துக்கிட்ட சொல்லிடலாம்.”

“சொன்னியோ, நாளைலேருந்து நீ வர வேண்டாம். தெரிஞ்சுதா?” என்று வைத்துவிட்டார்.

மனிதர் கெட்டவர் இல்லை. பயந்துபோயிருந்தார், அவ்வளவுதான். பயந்தவர்கள் சொல்வதைக் கேட்டு நடந்தால் என்ன ஆகும் என்று பாக்கியலக்ஷ்மிக்குத் தெரியும். அவளுக்கும் பயம்தான். இந்த வேலை அவளுக்கு உயிர். இந்த ஊரில் அவள் படிப்புக்கு இன்னொரு சர்வர் அறை கிடையாது, வேலை போனால் மறுபடி ஏதாவது கடையில் டிவி ரிப்பேர் பார்க்க உட்கார வேண்டும். பத்து நிமிஷம் போனையே பார்த்துக்கொண்டு நின்றாள். ஆனால் தப்பு தன்னுடையது. அதை ஒளித்து வைத்துக் காப்பாற்றுகிற வேலை எத்தனை நாள் இனிக்கும்? எண்ணை அழுத்தினாள்.

ஷபானா அந்த ஏஜென்சியில் கம்ப்யூட்டர் பிரிவுக்குத் தலைவி. ஃபோர்ட் கொச்சிக்காரி. அதிகம் பேச மாட்டாள், ஒரு தரம் சொன்னதை இன்னொரு தரம் சொல்ல மாட்டாள்.

“மேடம், உங்க பன்னெண்டு மெஷினும் சூட்டுல நிக்குது. தப்பு என்னோடது. ராக்கைத் தப்பான திசையில நிறுத்திட்டேன்.”

“எத்தன டிகிரி?”

“முப்பத்தெட்டு. கூடிக்கிட்டே போகுது.”

“நிறுத்தான் பற்றில்ல, நிறுத்தவே முடியாது. ரெண்டு கப்பல் நிக்குது. பேப்பர் எல்லாம் அதுல இருந்துதான் போயிட்டிருக்கு.”

“தெரியும் மேடம். நிறுத்தாமலே திருப்பறேன். மெஷின் ஓடிக்கிட்டே இருக்கும்.”

“இதுக்கு முன்னே செஞ்சிருக்கீங்களா?”

“இல்ல.”

“ஞான் வராம், ரெண்டு மணி ஆகும். நான் வர்றவரைக்கும் தொடண்டா.”

பாக்கியலக்ஷ்மி உட்காரவில்லை. பின்வரிசையின் மற்ற இரண்டு ராக்குகளில் இருந்தவை சின்ன வாடிக்கையாளர்களின் மெஷின்கள். அவர்களைக் கூப்பிட்டு அரைமணி நேரம் நிறுத்த ஒப்புதல் வாங்கினாள். அவற்றை அணைத்துத் திருப்பினால் போதும், சிரமம் இல்லை. நடு ராக்குக்குத்தான் மூளையைக் கசக்க வேண்டியிருந்தது. ஒவ்வொரு சர்வருக்கும் கரண்டு இரண்டு வயரில் வருகிறது, நெட்வொர்க்கும் இரண்டு. ஒன்றைப் பிடுங்கினால் மற்றது தாங்கும். ஒரு காலை ஊன்றிக்கொண்டு மறுகாலை எடுக்கிற மாதிரி, முதலில் ஒரு வயரைக் கழற்றி நீளமான வயரைச் செருகுவது, அது உயிர் பெற்றதும் அடுத்ததைக் கழற்றுவது. நீளமான கரண்டு வயர் ஸ்டோரில் இருந்தது. நெட்வொர்க் கேபிள் இருபத்துநான்கையும் அவளே வெட்டி, முனை கட்டி, சோதித்து முடித்தபோது மணி ஒன்றரை. விரல் நுனியெல்லாம் சிவந்து எரிந்தது. சூடு முப்பத்தொன்பதரை.

இனி ஆள் வேண்டும். பஜார் ரோட்டில் கனமான சாமானை யார் வேண்டுமானாலும் நகர்த்திவிட முடியாது. அது சுமை தூக்கும் சுமட்டுக்காரர்களின் உரிமை. நீலச்சட்டை போட்ட அந்தக் குழுவைக் கூப்பிடாமல் ஒரு மூட்டைகூட அசையாது, அசைத்தால் தெருவே அசையும். இந்தப் பகுதிக் குழுவுக்குத் தலைவர் பிச்சைமணி. தாத்தா காலத்தில் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்த குடும்பம். ஐம்பது வயதிலும் கழுத்து தூண் மாதிரி இருக்கும். ராக்குகளை முதலில் இறக்கி வைத்ததும் இவர்கள்தான்.

“என்னா பாக்கியம், இதை நட்டுவச்சு ஒரு மாசம் ஆகலை, அதுக்குள்ள பிடுங்கணுமா?” என்று சிரித்தார்.

“பிடுங்க வேண்டாம் மணியண்ணே. நின்ன இடத்துலயே வலமாத் திருப்பணும். கோயிலைச் சுத்தற மாதிரி வலமா மட்டும். இடமாத் திருப்பினா வயர் முறுக்கிக்கும். அப்புறம் முக்கியமா ஒண்ணு. சத்தம் கேக்கக் கூடாது.”

பிச்சைமணி முகம் சுருங்கியது. அவர் சங்கடம் நியாயமானது. பஜார் ரோட்டில் மூட்டையை ‘தொம்’ என்று போட்டால்தான் இறக்கினதாக அர்த்தம். உள்ளே உட்கார்ந்திருக்கிற கணக்குப்பிள்ளை தலையைத் தூக்காமலே அந்தச் சத்தத்தை எண்ணித்தான் கோடு போடுவார். பதினேழு வயதிலிருந்து அப்படிப் போட்டுப் போட்டு அந்த ஆட்களின் கை தோளெல்லாம் கடைசி ஒரு சாண் உயரத்தில் தானாகவே விட்டுவிடும். ராக்கை இறக்கின அன்றும் அப்படித்தான் ஆறு தரம் ‘தொம்’ கேட்டது. அன்று மெஷின் ஓடவில்லை, தப்பித்தது.

“ஒவ்வொரு மெஷினுக்குள்ளயும் ஹார்டுடிஸ்க்னு ஒரு தட்டு நிமிஷத்துக்குப் பத்தாயிரம் சுத்து சுத்திக்கிட்டிருக்குண்ணே. ஒரு குலுக்கு குலுக்கினா எல்லாம் போச்சு. என் வேலையும் போச்சு.”

“சத்தம் இல்லாம இறக்கறதுன்னா எறக்கின மாதிரியே இருக்காதே” என்றார் பிச்சைமணி. பிறகு தன் ஆட்களைத் திரும்பிப் பார்த்து, “சரி, கேட்டீங்கல்ல? இன்னிக்கு ஊமைச் சுமடு” என்றார்.

ஷபானா படகில் வந்து இறங்கி, தும்மிக்கொண்டே உள்ளே வந்தாள். கையில் லேப்டாப். ஏஜென்சியின் திரையைத் திறந்து ஸ்டூலில் வைத்துக்கொண்டு, “தொடங்கிக்கோ” என்றாள். அதற்குள் பக்கத்து இரண்டு ராக்குகளையும் திருப்பி முடித்திருந்தார்கள். கைக்குப் பழகட்டும் என்று பாக்கியலக்ஷ்மி வேண்டுமென்றே அவற்றை முதலில் வைத்திருந்தாள்.

நடு ராக்குக்கு அவள் பின்னால் போய் நின்றாள். முதல் கரண்டு வயரைப் பிடுங்கினாள். ஒன்று, செருகு, பச்சை. அடுத்தது, செருகு, பச்சை. நாற்பத்தெட்டு தரம். ஷபானாவின் திரையில் ஒன்றும் மாறவில்லை. பிறகு ராக்கைத் தரையில் ஊன்றியிருந்த கால்திருகுகளை மேலே ஏற்றி, அதை அடியிலிருந்த சக்கரங்களில் நிற்கவிட்டாள். நீண்ட வயர்களை ஒரு கொத்தாகச் சேர்த்துத் தோளில் போட்டுக்கொண்டு, “வலமா, மெதுவா” என்றாள்.

ஆறு பேர் கை வைத்தார்கள். முந்நூற்றைம்பது கிலோ. வழக்கமாகப் பாட்டுப் பாடித் தள்ளுகிறவர்கள் வாயை இறுக மூடிக்கொண்டு தள்ளியதில் முகமெல்லாம் சிவந்தது. ராக் கால்வாசி திரும்பியது, அரைவாசி திரும்பியது. அங்கே நின்றுவிட்டது. கிடங்கின் பழைய கல்தரையில் இரண்டு கல்லுக்கு நடுவே ஒரு விரல் அகல வெடிப்பு. முன்சக்கரம் ஒன்று அதில் இறங்கிவிட்டிருந்தது. தள்ளினால் ராக் சாயும்.

“தூக்கித்தான் எடுக்கணும்” என்றார் பிச்சைமணி. “அந்த மூலையை மட்டும்.”

“தூக்கலாம். இறக்கறது எப்படி?” என்று பாக்கியலக்ஷ்மி கேட்டாள்.

அவர் பதில் சொல்வதற்குள் கதவு திறந்தது. வாஞ்சிநாதன். வாசலில் நின்று பார்த்தவருக்குப் பின்வரிசை முதுகு காட்டிக்கொண்டு நிற்பதும், நடு ராக் கோணலாக நிற்பதும், அதற்குப் பக்கத்தில் யாரிடம் சொல்லவே கூடாது என்றாரோ அந்த ஷபானா உட்கார்ந்திருப்பதும் ஒரே பார்வையில் தெரிந்தன.

“நிறுத்து! யாரைக் கேட்டுடி இதெல்லாம்…”

சத்தத்தில் இரண்டு ஆட்கள் திரும்பினார்கள். ராக் ஒரு நூல் ஆடியது. பாக்கியலக்ஷ்மி திரும்பவில்லை.

“சார், இப்ப பேசாதீங்க. முடிஞ்சதும் என்ன வேணும்னாலும் சொல்லுங்க. மணியண்ணே, யாரும் அங்க பாக்க வேண்டாம். என்னைப் பாருங்க.”

இருபத்தாறு வயதுப் பெண் முதலாளியைப் பேசாதே என்று சொன்னது பஜார் ரோட்டில் அதற்கு முன் நடந்ததாகத் தெரியவில்லை. வாஞ்சிநாதன் வாசற்படியிலேயே நின்றுவிட்டார்.

பிச்சைமணி தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்தார். நாலாக மடித்து, சக்கரம் இறங்க வேண்டிய கல்லின்மேல் வைத்தார். பிறகு குந்தி உட்கார்ந்து, மூலைக்கு அடியில் தன் தோளைக் கொடுத்தார். மற்றவர்கள் இரண்டு பக்கமும் பிடித்தார்கள். தோள் எழுந்தது. சக்கரம் வெடிப்பிலிருந்து வெளியே வந்தது. ராக் நகர்ந்தது. இனி இறக்க வேண்டும். ஒரு சாண்கூட இல்லை, நாலு விரல் உயரம். அந்த நாலு விரலுக்குள்தான் ஐந்து பேரின் கைகளும் முப்பது வருஷப் பழக்கத்தில் விட்டுவிடப் பார்த்தன. பிச்சைமணியின் தோள் மட்டும் விடவில்லை. கழுத்து நரம்பு புடைத்து, கண் பிதுங்கி, மனிதர் அங்குலம் அங்குலமாகக் கீழே போனார். சக்கரம் துண்டைத் தொட்டது. யாருக்கும் ஒன்றும் கேட்கவில்லை.

“எறங்கியாச்சா?” என்று பின்னால் நின்ற ஆள் சந்தேகத்தோடு கேட்டான்.

“ஆச்சுடா” என்றார் பிச்சைமணி, மூச்சு வாங்கிக்கொண்டே.

மீதி அரைத் திருப்பம் வெண்ணெயாகப் போயிற்று. பாக்கியலக்ஷ்மி கால்திருகுகளை இறக்கி, மேலே எக்ஸாஸ்ட் ஃபேனைப் போட்டாள். ஷபானா திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே, “நின்னிட்டில்ல” என்றாள். ஒரு நொடிகூட நிற்கவில்லை. முதல் ஐந்து நிமிஷம் சூடு குறையவில்லை. பிறகு முப்பத்தெட்டு, முப்பத்துநான்கு, முப்பது. முக்கால் மணி நேரத்தில் இருபத்துநான்கு. ஆரஞ்சு விளக்குகள் ஒவ்வொன்றாகப் பச்சையாயின. விசிறிகளின் அலறல் அடங்கியதும் வெளியே தெருவில் சாயாக்காரன் கூப்பிடுவதுகூடக் கேட்டது.

வாஞ்சிநாதன் தொண்டையைச் செருமிக்கொண்டு முன்னால் வந்தார்.

“மேடம், ஒண்ணும் இல்ல. ஒரு சென்சர் கோளாறு. அதுக்குச் சின்னதா ஒரு ஏற்பாடு…”

“சாரே, எனக்குத் தெரியும்” என்றாள் ஷபானா. “ராக்கைத் தப்பாய் நிறுத்தினது. யார் தப்புன்னும் இவங்களே போன்ல சொன்னாங்க.”

வாஞ்சிநாதனின் முகம் வெளுத்தது. பாக்கியலக்ஷ்மி கைக்குட்டையால் விரலைச் சுற்றிக்கொண்டு நின்றாள். சொல்லட்டும், என்ன சொன்னாலும் கேட்டுக்கொள்ளலாம் என்று இருந்தது அவளுக்கு. மெஷின் நிற்கவில்லை. அதை யாரும் அவளிடமிருந்து எடுத்துக்கொள்ள முடியாது.

ஷபானா லேப்டாப்பை மூடிப் பையில் வைத்தாள்.

“இதுக்கு முன்னே ரெண்டு இடத்துல எங்க மெஷின் இருந்துச்சு சாரே. ரெண்டு இடத்துலயும் நின்னுச்சு. நாலு மணி நேரம் கழிச்சு நாங்களா கூப்பிட்டுக் கேட்டோம். ரெண்டு பேரும் சென்சர் கோளாறுன்னுதான் சொன்னாங்க. நிக்கறதுக்கு முன்னே எங்களைக் கூப்பிட்டது இந்தப் பெண்குட்டி மட்டும்தான். இவங்க இங்க இருக்கறவரைக்கும் எங்க மெஷின் இங்க இருக்கும். இவங்க இல்லேன்னா அன்னிக்கே எடுத்துட்டுப் போயிருவோம். முப்பது நாள் எல்லாம் வேண்டாம், நாளைக்கு ஒப்பந்தத்தைக் கொடுத்தனுப்புங்க.”

படகுக்கு நேரமாகிவிட்டது என்று போய்விட்டாள். ஆட்கள் சாயா குடிக்கப் போனார்கள். வாஞ்சிநாதன் இரண்டு வரிசைக்கும் நடுவில் போய் நின்றார். அனல் அத்தனையும் இப்போது அங்கேதான் சேர்ந்தது. ஒரு நிமிஷத்தில் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. வெளியே வந்து, சுற்றிக்கொண்டு மேற்குப் பக்கம் போய், நடு ராக்கின் முகத்துக்கு நேரே உள்ளங்கையை நீட்டிப் பார்த்தார். குளிர்ந்த காற்று விரல்களுக்கு நடுவே ஓடியது. வெகு நேரம் கையை எடுக்கவில்லை.

“காலைல போன்ல ஒண்ணு சொன்னேன்ல” என்றார், அவளைப் பார்க்காமலே. “அதை விட்ரு. நாளைக்கு ஒம்பது மணிக்கு வந்துரு.”

“எட்டரைக்கே வருவேன் சார்” என்றாள் பாக்கியலக்ஷ்மி, வழக்கமான மிடுக்கோடுதான். ஆனால் ‘சார்’ என்கிற இடத்தில் குரல் உடைந்துவிட்டது. அவளுக்குக் கண்ணீர் கொட்டியது. அதைத் துடைக்க வேண்டும் என்றுகூட அவளுக்குத் தோன்றவில்லை, அவ்வளவு சந்தோஷமாக இருந்தாள்.